கழுவாமல் அளந்த பிளாக்

ஜூன் 3, 2023, சனி

நகராட்சித் தண்ணீர் இன்று வந்தது. இரண்டு டிரம்மும் ஒன்பது குடமும் பிடித்து முடிப்பதற்குள் இடுப்பு விட்டுப்போயிற்று. மனைவி லோகநாயகி கட்டிலில் படுத்தபடியே, "மூடி போட்டீங்களா? கொசு முட்டை வெச்சுப்போடும்" என்று மூன்று முறை கேட்டாள். அவளுக்குக் கணுக்கால் உடைந்து பிளேட் வைத்துப் பதினெட்டு நாள் ஆகிறது. கால்தான் உடைந்தது, வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

பத்தரைக்கு மெக்கானிக் சங்கச் செயலாளர் வரதராஜ் போன் செய்து, இன்ஜின் துளை அளக்கிற கேஜை எடுத்துக்கொண்டு சங்கத்து ஷெட்டுக்கு வரச் சொன்னார். விஷயம் இதுதான். ரிட்டயர்டு வாத்தியார் திருமூர்த்தி ஜனவரியில் ஒரு பழைய கார் வாங்கினார். ஆர்.சி. புத்தகத்தில் 1500 சி.சி. மார்ச்சில் புகை தள்ளுகிறதென்று சகாயத்தின் ஒர்க்‌ஷாப்பில் விட்டு இன்ஜின் வேலை பார்த்தார். மே மாதம் பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வால்பாறை போனபோது ஒன்பதாவது வளைவிலேயே வண்டி திணறியிருக்கிறது. கீழே வந்து வேறொரு மெக்கானிக்கிடம் காட்டினால், அவன் பிரித்துப் பார்த்துவிட்டு, "சார், இது 1300 இன்ஜின். உங்களுதக் கழட்டிட்டு யாரோ இதை வெச்சுட்டாங்க" என்று சொல்லிவிட்டான். யாரோ என்றால் வேறு யார், கடைசியாகக் கைவைத்த சகாயம்தான். வாத்தியார் நேரே சங்கத்துக்கு வந்துவிட்டார்.

இன்ஜினின் இரும்பு உடலான பிளாக்கை மட்டும் ஒரு பலகை மேல் வைத்திருந்தார்கள். எண்ணெய்ப் பிசுக்கும் கரியுமாக இருந்தது. இந்த ரகத்தில் 1300, 1500 இரண்டும் வெளியே இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. அதே நீளம், அதே உயரம், பக்கவாட்டில் அதே வார்ப்பு எண். உள்ளே சுழலும் கிராங்க்கூட ஒன்றேதான். வித்தியாசம் இரண்டே இடத்தில் தெரியும். மேல்விளிம்பை ஒட்டிக் குத்தியிருக்கும் இன்ஜின் நம்பர் ஒன்று. பிஸ்டன் ஓடும் துளை இன்னொன்று: 1500-க்கு எழுபத்தைந்தரை மில்லிமீட்டர், 1300-க்கு எழுபத்தொன்று. இதில் நம்பர் இருக்க வேண்டிய இடம் மொழுமொழுவென்று இருந்தது. துளையை அளந்தேன். நாலும் எழுபத்தொன்று.

"1300" என்றேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

சகாயம் ஓரமாக நின்றுகொண்டிருந்தான். "அண்ணா, சித்த கழுவிட்டுப் பாருங்கண்ணா" என்றான். லோகுவுக்குக் கட்டு மாற்ற வேண்டும், அவசரம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நாலரைக்குக் கட்டு மாற்றினார்கள். நன்றாக ஆறுகிறது என்றார் டாக்டர். ராத்திரிக்கு ரவை உப்புமா கிண்டினேன். கட்டி விழுந்துவிட்டது.

ஜூன் 5, திங்கள்

காலையில் வரதராஜ் ஒரு கடிதத்தோடு வந்தார். "மேற்படி பிளாக் 1300 சி.சி. ரகத்தைச் சேர்ந்தது என்பதையும், ஆர்.சி. புத்தகத்தில் கண்ட இன்ஜின் இதுவல்ல என்பதையும் பரிசோதித்து உறுதி செய்கிறேன்." கீழே என் பெயர்: நஞ்சப்பன், நஞ்சப்பா போரிங் ஒர்க்ஸ், முப்பத்தெட்டு ஆண்டு அனுபவம்.

"பதினெட்டாந்தேதி ஞாயித்துக்கெழம பொதுக்குழு. அதுல சகாயத்தைச் சங்கத்த விட்டு எடுத்தர்றதுன்னு கமிட்டில முடிவு பண்ணிருக்குதுங்கண்ணா. அன்னைக்கே இந்த லெட்டரை வாத்தியாருகிட்டக் குடுத்துருவோம். அவரு ஸ்டேசன்ல குடுப்பாரு" என்றார்.

"கேஸ் ஆயிருமா?"

"இன்ஜின் திருட்டுன்னா ஆகாம இருக்குமாங்க?"

கையெழுத்துப் போட்டேன். என் பேனா எழுதவில்லை. வரதராஜ் தன்னுடையதைக் கொடுத்தார்.

மத்தியானம் தக்காளி ரசம். உப்புப் பத்தவில்லை என்றாள் லோகு. எனக்குச் சரியாகத்தான் இருந்தது.

ஜூன் 6, செவ்வாய்

நாள் முழுக்கத் தூறல். கடையில் துளை குடைய ஒரு டிராக்டர் பிளாக் மட்டும். மிஷினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தால் மனது எங்கெங்கோ போகிறது.

ஒன்றை எழுதி வைக்கிறேன். சகாயம் இரண்டு வருஷமாக எனக்கு ஒரு பிளாக்கும் அனுப்புவதில்லை. கிணத்துக்கடவில் கம்ப்யூட்டர் மிஷின் கடை வந்ததிலிருந்து அங்கேதான் போகிறான். அதற்கு முன் ஒன்பது வருஷம் என்னிடம்தான் கொடுத்தான். அங்கே போவதென்றாலும் என் கடை வாசலைத் தாண்டித்தான் ஆட்டோ போக வேண்டும். தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வான். போகட்டும், அவனவன் பிழைப்பு அவனவனுக்கு. அதற்கும் நான் அளந்ததற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கேஜுக்கு வேண்டியவன் வேண்டாதவன் தெரியாது.

இதை எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை. அலுப்பு.

ஜூன் 7, புதன்

லோகுவைக் குளிக்க வைத்தேன். தண்ணீர் சூடு போதாதென்று சண்டை. வேறொன்றும் இல்லை.

ஜூன் 8, வியாழன்

சகாயம் கடைக்கு வந்தான். சந்தை நாள், ரோடெல்லாம் மாட்டு லாரி. வாசலிலேயே நின்றான்.

"உள்ள வா."

"இருக்கட்டுங்கண்ணா, காலெல்லாம் சேறு."

தாடி நாலு நாள் வளர்ந்திருந்தது. சகாயம் சுத்தமான ஆள், கிரீஸ் படிந்த சட்டையைக்கூட இஸ்திரி போட்டுத்தான் போடுவான்.

"நா மாத்தலீங்கண்ணா. மார்ச்சுல நா பிரிச்சப்பவே 1300 பிஸ்டன்தான் இருந்துச்சு. பிஸ்டன் ரிங்கு வரதராஜண்ணன் ஸ்பேர் கடைலதான் வாங்குனேன், 1300ன்னு பில்லு இருக்குது. திருடுறவன் பில்லு போட்டு வாங்குவானுங்களா?"

"பிரிச்சப்பவே தெரிஞ்சுதுன்னா வாத்தியாருகிட்ட அப்பவே சொல்லியிருக்கோணும்."

"சொல்லியிருக்கோணுமுங்க. முன்னாடி வெச்சிருந்தவங்க எவனோ மாத்திட்டான்னு நெனச்சேன். அவரு ஆசையா வாங்கி ரெண்டு மாசந்தான் ஆச்சு, எதுக்குச் சங்கடப்படுத்தோணும்னு உட்டுட்டேன். நா செஞ்ச தப்பு அது ஒண்ணுதானுங்க."

மிஷினை நிறுத்தாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு வண்டி வர்றதில்லீங்க. உட்டிருந்த வண்டியையும் மூணு பேரு அரைவேலைல எடுத்துட்டுப் போயிட்டாங்க. ஸ்டேசன்ல இருந்து எப்பக் கூப்புடுவாங்கன்னு எங்கூட்டுக்காரி வாசலையே பாத்துட்டு ஒக்காந்திருக்கறா. ஒருக்கா வந்து கழுவிப் பாருங்கண்ணா. அந்த மேல்மொகத்துல யாரோ பேசிங் அடிச்சிருக்காங்க, வெரலை வெச்சாக் கோடு தட்டுப்படுது. அதுலதான் நம்பரு போயிருக்கோணும். நீங்க கழுவிப் பாத்துட்டும் 1300ன்னு சொன்னா நா பொறவு பேச மாட்டேன்."

ஒரு தடவை அளந்தால் அளந்ததுதான், ஆளுக்குத் தகுந்த மாதிரி மாற்றிச் சொல்ல முடியாது என்றேன். பிறகு போய்விட்டான்.

பேசிங் என்பது பிளாக்கின் மேல்முகம் வளைந்துபோனால் அதை மிஷினில் சீவிச் சமமாக்குவது. விளிம்பில் நம்பர் குத்திய ரகம் என்றால் பார்த்துச் சீவ வேண்டும், இல்லாவிட்டால் நம்பரும் சேர்ந்து போய்விடும். அந்த மிஷின் அந்தக் காலத்தில் இந்த வட்டாரத்தில் இரண்டு பேரிடம்தான் இருந்தது. உடுமலையில் கந்தவேலு, பொள்ளாச்சியில் நான். கந்தவேலுவாகத்தான் இருக்கும். அவர் விளிம்பைக் கவனிக்காமல் அடிப்பார். அவர் இறந்து நாலு வருஷம் ஆகிறது.

ஜூன் 9, வெள்ளி

பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துவிட்டேன். பாத்திரம் போயிற்று.

ஜூன் 11, ஞாயிறு

லோகுவின் மருத்துவக் காப்பீட்டுப் பேப்பரைத் தேடிப் பரணில் ஏறினேன். 2004-லிருந்து என் டைரிகள் அங்கேதான் ஒரு அட்டைப்பெட்டியில் கிடக்கின்றன. சும்மா புரட்டினேன். பத்து மணிக்கு ஏறியவன் இறங்கும்போது மணி இரண்டாகிவிட்டது. லோகு பசியில் கத்திக்கொண்டிருந்தாள். ஓட்டலில் வாங்கிவந்து கொடுத்தேன். எனக்கு இறங்கவில்லை.

டைரிகளில் ஒன்றும் இல்லை. காப்பீட்டுப் பேப்பர் பீரோவிலேயே இருந்தது.

ஜூன் 12, திங்கள்

நேற்று எழுதியது பொய். என் டைரியில் நானே பொய் எழுதுகிற அளவுக்கு வந்தாயிற்று.

2011 டைரியில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்.

"செப்டம்பர் 14, புதன். தேங்காய் மண்டி சென்னியப்பன் கார், வெள்ளை, 2806. 1500 பிளாக். துளை நாலும் போச்சு. பிஸ்டன் கோயமுத்தூரிலும் இல்லை, சென்னையிலும் இல்லை. 1300 பிஸ்டன் தாராளமாகக் கிடைக்கிறது. எழுபத்தேழுக்குக் குடைந்து, தடிமன் ஸ்லீவ் இறக்கி, எழுபத்தொன்றுக்குக் கொண்டுவந்தேன். மண்டிக்காரருக்குச் சம்மதம், டவுனுக்குள் ஓட்ட இது போதும் என்கிறார். பேசிங் அடித்ததில் நம்பர் போய்விட்டது. எடுத்துப்போக வந்த டிரைவர் கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை. மழை."

வாத்தியாருடைய கார் இன்று சாம்பல் நிறம். நடுவில் யாரோ பெயின்ட் அடித்திருக்கிறார்கள். நான் கையெழுத்துப் போட்ட கடிதத்தில் இருந்த வண்டி நம்பரும் அதே 2806. மண்டிக்காரர் காலமாகிவிட்டார். அவருக்குப் பிறகு கை மாறிக் கை மாறி வாத்தியாரிடம் வந்திருக்கிறது.

ஸ்லீவ் என்றால் தேய்ந்த துளையைப் பெரிதாகக் குடைந்து, உள்ளே ஒரு இரும்புக் குழாயை இறுக்கமாக இறக்குவது. குழாயின் உள்ளளவுதான் புது அளவு. அதாவது, நான் அன்றைக்கு அளந்தது பிளாக்கை அல்ல, நான் இறக்கிய குழாயை. இன்ஜினை யாரும் மாற்றவில்லை. கார் கம்பெனியிலிருந்து வந்தபோது எந்த பிளாக் இருந்ததோ அதுதான் இன்றும் இருக்கிறது. இது சகாயத்துக்கே தெரியாது.

வருஷத்துக்கு முந்நூறு பிளாக் பார்க்கிறேன், பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் செய்தது எப்படி நினைவிருக்கும்? நியாயம்தான். ஆனால் நியாயம் பேசிக்கொண்டே அந்தப் பக்கத்தை நாலு தடவை படித்துவிட்டேன்.

ஜூன் 13, செவ்வாய்

இரண்டு லிட்டர் டீசலும் பழைய பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு சங்கத்து ஷெட்டுக்குப் போனேன். வாட்ச்மேன், "ஆராச்சும் வரச்சொன்னாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

மேல்முகத்தைக் கழுவினேன். கரி போனதும் ஒவ்வொரு துளையைச் சுற்றியும் வட்டமாக ஒரு மெல்லிய கோடு வந்தது. துளைக்கும் கோட்டுக்கும் நடுவே மூன்று மில்லிமீட்டர். சாதாரண ஸ்லீவ் இதில் பாதிதான் இருக்கும். பிளாக்கைக் கவிழ்த்து டார்ச் அடித்தேன். அடியில் குழாய் முடிகிற விளிம்பு நாலிலும் தெரிந்தது. கண் தெரிந்தவன் எவனும் கழுவிப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவான்.

என் கடைச் சுவரில் பெயின்ட்டால் எழுதி வைத்திருக்கிறேன்: கழுவாத பிளாக் அளக்கப்பட மாட்டாது. ஊருக்கெல்லாம் அதைச் சொன்னவன் நான்.

வரும் வழியில் கத்தரிக்காயும் கொத்தமல்லியும் வாங்கினேன்.

ஜூன் 15, வியாழன்

வரதராஜின் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். கூட்டம் குறைகிற வரைக்கும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

"அந்த பிளாக்கு ஸ்லீவ் எறக்குனதுன்னு தோணுது வரதராஜ். 1500 பிளாக்கே 1300 ஆகியிருக்கலாம்."

அவர் பில் எழுதுவதை நிறுத்திவிட்டார். "அண்ணா, லெட்டர்ல நீங்க கையெழுத்துப் போட்டாச்சு. கமிட்டில படிச்சும் காட்டியாச்சு. இப்ப மாத்துனா உங்களுக்கு என்ன மரியாதை இருக்கும், சங்கத்துக்கு என்ன மரியாதை இருக்கும்?"

"தப்புன்னா மாத்தித்தான ஆகோணும்."

"செரி, ஸ்லீவுன்னே வெச்சுக்குவோம். அத்தன பெரிய வேலைய ஆரு பண்ணுனதுங்க? நம்பர அடிச்சுத் தள்ளுனது ஆரு? அதக் கேப்பாங்கல்ல?"

எனக்கு எப்படித் தெரியும் என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. டீ வரவழைத்தார், குடித்துவிட்டு வந்தேன்.

ஜூன் 16, வெள்ளி

லோகுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. கத்தரிக்காயை நறுக்கியபடியே சொன்னேன். அவள் பாதியில் குறுக்கிடவில்லை என்பதே பெரிய விஷயம்.

"அன்னைக்குக் கழுவறதுக்கு என்னங்க கேடு?" என்றாள்.

"உனக்குக் கட்டு மாத்தோணும்னு அவசரத்துல..."

"கட்டு மாத்துனது நாலரைக்கு. நீங்க ஊட்டுக்கு வந்தது பதனொண்ணரைக்கு. வந்து பேப்பர் படிச்சீங்க."

அடுப்படிக்கு வந்துவிட்டேன்.

இங்கே எழுதிவிடுகிறேன். கழுவச் சொன்னது சகாயம் என்பதால் கழுவவில்லை. இரண்டு வருஷமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவன் அன்றைக்கு எல்லோருக்கும் முன்னால் "அண்ணா" என்று கெஞ்சியபோது எனக்கு நன்றாக இருந்தது. அவனைக் கெடுக்க வேண்டுமென்று நான் நினைக்கவில்லை. ஆனால் காப்பாற்ற வேண்டுமென்றும் நினைக்கவில்லை. எழுதிப் பார்த்தால் அசிங்கமாக இருக்கிறது.

சாப்பாடு போடும்போது லோகு, "ஒரு மனுசன ஜெயில்ல வெக்கப் போறாங்க. நீங்க இங்க கத்திரிக்காய்க்கு மசாலா அரைச்சுட்டிருக்கீங்க" என்றாள். அரைத்தது அவள் கேட்டதால்தான். சொல்லவில்லை.

ஜூன் 17, சனி

ஸ்லீவ் இழுக்கிற போல்ட்டைத் தேடி எடுத்துத் துடைத்து வைத்தேன். நாளைக்கு பிளாக்கைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டால் போதும். சகாயம் தப்பித்துவிடுவான். மற்றதெல்லாம் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

ஜூன் 18, ஞாயிறு

அறுபது பேர் இருக்கும். திருமூர்த்தி வாத்தியார் முதல் வரிசையில் வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். சகாயம் கடைசியில், கதவை ஒட்டி நின்றான். வரதராஜ் என் கடிதத்தைப் படிக்கத் தொடங்கும்போது நான் எழுந்துவிட்டேன்.

"நா எழுதிக் குடுத்தது தப்பு. பிளாக்கக் கொண்டாங்க."

சலசலப்பு. சகாயம் மேல் இரக்கப்பட்டு அண்ணன் மாற்றிப் பேசுகிறார் என்று ஒருத்தன் சொன்னது காதில் விழுந்தது. நான் வாயால் எதுவும் விளக்கவில்லை. பிளாக்கைப் பலகையில் வைத்து, முதல் துளையில் போல்ட்டை மாட்டி இறுக்கத் தொடங்கினேன். பன்னிரண்டு வருஷம் பிடித்த பிடி, லேசில் விடவில்லை. தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. இரண்டு பேர் வந்து பிளாக்கை அமுக்கிப் பிடித்தார்கள். கிறீச்சென்று ஒரு சத்தத்தோடு குழாய் மேலே வந்தது. கையில் எடுத்து எல்லோருக்கும் காட்டினேன். பிறகு துளையை வரதராஜையே அளக்கச் சொன்னேன்.

"எழுபத்தேழு" என்றார். அவர் குரல் இறங்கிவிட்டது.

அதற்கு மேல் அந்தக் கூட்டத்தில் யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 1300 பிளாக்கை எழுபத்தேழுக்குக் குடைந்தால் சுவர் தாங்காது, இன்ஜினைக் குளிர வைக்கிற தண்ணீர் உள்ளே பொத்துக்கொண்டு வரும். இதில் சுவர் முழுசாக நிற்கிறது. வாத்தியாருக்கு மட்டும் மெதுவாகச் சொன்னேன்: "சார், உங்க காருல இருந்தது உங்க இன்ஜின்தான். யாரும் மாத்தல. முன்னாடி வெச்சிருந்தவரு துளையச் சின்னது பண்ணியிருக்காரு, அதனாலதான் இழுக்கல."

வாத்தியார் எழுந்து திரும்பிச் சகாயத்தைப் பார்த்துக் கும்பிட்டார். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

அப்போதுதான் வரதராஜ் கேட்டார். "இது ஆரு கைவேலைங்கண்ணா? நம்பரையும் சீவிட்டுச் சொல்லாமக்கொள்ளாம உட்டது ஆரு?"

அறுபது பேரும் என்னைப் பார்த்தார்கள். பழைய டைரி என் பையில்தான் இருந்தது. எடுத்துக்கொண்டு போயிருந்தேன், அதை எழுதிவிட வேண்டும்.

"உடுமலை கந்தவேலு கையாத்தான் இருக்கோணும்" என்றேன்.

எல்லோரும் தலையாட்டினார்கள். போட்ட கையெழுத்தையே தப்பென்று சொல்ல எத்தனை பேருக்குத் தைரியம் வரும் என்று வரதராஜ் மைக்கில் பேசினார். கை தட்டினார்கள். மாவட்டத் தலைவருக்கென்று வாங்கி வைத்திருந்த சால்வையை எனக்குப் போர்த்தினார்கள். சகாயம் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். அழுதான். என் கையெல்லாம் கிரீஸ்.

வீட்டுக்கு வந்தேன். லோகு சால்வையைப் பார்த்தாள்.

"சொல்லிட்டீங்களா?"

"சகாயம் மேல தப்பில்லைன்னு ஆயிப்போச்சு."

"அதக் கேக்கல."

கந்தவேலு பெயரைச் சொன்னேன்.

"செத்தவரு மேல போட்டுட்டுச் சால்வையோட வந்திருக்கீங்க" என்றாள். பிறகு நாள் முழுக்க அவள் பேசவே இல்லை. கால் உடைந்த நாளில்கூட அப்படி இருந்ததில்லை.

ஜூன் 19, திங்கள்

வரதராஜ் போன் செய்தார். வாத்தியார் காருக்குப் புதிதாக இன்ஜின் நம்பர் குத்த வேண்டுமாம். பழைய நம்பர் எப்படிப் போனதென்று வேலை செய்த கடைக்காரர் எழுதிக் கொடுத்தால் ஆர்.டி.ஓ. ஆபீசில் சுலபமாக முடியுமாம். இல்லாவிட்டால் வண்டியை விற்கவும் முடியாது, ஓட்டவும் பயம்.

"கந்தவேலு இருந்திருந்தா எழுதி வாங்கிருக்கலாம்" என்றார்.

"ஆமா" என்றேன்.

ஜூன் 20, செவ்வாய்

தண்ணீர் வந்தது. இரண்டு டிரம், ஆறு குடம். அதற்கு மேல் முடியவில்லை.

ஜூன் 21, புதன்

பதினோரு மணிக்குக் கடை வாசலில் ஆட்டோ நின்றது. சகாயம் இறங்கினான். சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தான். பின்னால் ஒரு பிளாக். அவனும் ஆட்டோ டிரைவரும் சேர்ந்து இறக்கி, என் மிஷினுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். டிரைவர் டீ குடிக்கப் போனான்.

"நாலு துளையும் போரிங் பண்ணோணுமுங்கண்ணா. ஒர்க்‌ஷாப்புக்கு மறுபடி வண்டி வர ஆரம்பிச்சிருச்சு. இனி என்ன வேலையா இருந்தாலும் உங்ககிட்டத்தான். கிணத்துக்கடவுப் பக்கமே போக மாட்டேன். நீங்க செஞ்சதுக்கு நா என்ன கைம்மாறு..."

"ஒக்காரு" என்றேன்.

இரண்டு வருஷமாக நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது இதுதான். வந்துவிட்டது. வாங்கிப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்த்தால் முடிந்தது. ஒரு ஈ காக்காய்க்கும் தெரியப்போவதில்லை. லோகுவும் நாலு நாளில் பேச ஆரம்பித்துவிடுவாள்.

மேஜை டிராயரில் இருந்த 2011 டைரியை எடுத்து, அந்தப் பக்கத்தைப் பிரித்து அவன் கையில் கொடுத்தேன்.

சகாயம் வாசிக்கும்போது உதடு அசையும். மெதுவாகப் படித்தான். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தான். வண்டி நம்பர் இருந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டான்.

"இது உங்க எழுத்துங்களா?"

"ஆமா."

"நா இங்க வந்து கெஞ்சுன அன்னைக்கு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"அன்னைக்குத் தெரியாது. பதினொண்ணாந்தேதி தெரியும்."

அவன் மனதுக்குள் எண்ணுவது தெரிந்தது.

"ஏழு நாளுங்கண்ணா" என்றான். "அந்த ஏழு நாளும் எங்கூட்டுல அடுப்பே பத்த வெக்கல."

நான் மன்னிப்புக் கேட்டேன். நன்றாகவே கேட்டேன், வார்த்தையை விழுங்காமல், கையைக் கூப்பித்தான் கேட்டேன். கழுவச் சொன்னது அவன் என்பதால்தான் கழுவவில்லை என்பதையும் சொன்னேன். அவன் டைரியை மூடி மேஜையில் வைத்தான்.

"வாத்தியாருக்கு லெட்டர் வேணுமுங்க" என்றான்.

கடை லெட்டர்பேடில் எழுதினேன். 2806 என்ற வண்டியின் பிளாக்கில் 2011 செப்டம்பர் 14 அன்று ஸ்லீவ் இறக்கியது நான். பேசிங் அடிக்கும்போது இன்ஜின் நம்பரை அழித்தது நான். அதை மறைத்தது நான். பொதுக்குழுவில் கந்தவேலு பெயரைச் சொன்னது பொய். கையெழுத்துப் போட்டு ரப்பர் ஸ்டாம்பும் குத்திக் கொடுத்தேன். அவன் அதை ஒரு முறை படித்து, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டான்.

பிறகு மிஷினுக்குப் பக்கத்தில் இருந்த தன் பிளாக்கிடம் போய்க் குனிந்தான். டிரைவர் இன்னும் டீக்கடையில்தான் இருந்தான். தனியாகத் தூக்கினால் முதுகு பிடித்துக்கொள்ளும். நான் போய் மறுபக்கத்தைப் பிடித்தேன். வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு போய் ஆட்டோவில் ஏற்றினோம்.